டவர் மேடம் மேல் ஒரு பிராது

படத்திறப்பு அழைப்பிதழில் என் பெயர் இறந்தவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. 'சிறப்புரை: லெப்டினன்ட் கமாண்டர் எழில்மதி, இந்தியக் கடற்படை விமானப் பிரிவு (ஓய்வு)'. அதற்குக் கீழே, அடக்கமாக, 'அமரர் சிங்காரவேலு அவர்களின் திருவுருவப்படம்'. கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய தம்பி கொளஞ்சியப்பன். சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எங்கள் குவார்ட்டர்ஸின் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அச்சாபீசுல எழுத்து மாறிப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம், நாந்தான் அப்பிடிப் போடச் சொன்னேன். அண்ணன் இருந்தா அதத்தான் சொல்லியிருப்பாரு. செத்தும் உங்களுக்கு ஒரு சல்யூட் அடிக்கணுமில்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டேன்.

"பெருசா பேசறதுக்கு எனக்கு வராதே."

"பெருசா வாணாங்க. அந்த ஹெலிகாப்டர் கதய மட்டும் சொல்லுங்க. அண்ணன் ஆயிரம் வாட்டி சொல்லிகினு இருந்தாரு. உங்க வாயால ஒரு வாட்டி கேக்கணும்னு எங்க ஊரே வேன் வச்சிகினு வருது."

அவர் போன பிறகு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். என் கணவர் வெங்கடேஷ் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, அதை வாங்கிப் படித்துவிட்டு, "உனக்கு ஓய்வுன்னு போட்டிருக்கறதுதான் பொய். வாய்க்கு ஓய்வே கிடையாதே" என்றார்.

சிங்காரவேலு ஊருக்கு எந்தக் கதையைச் சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. பதினைந்து ஆண்டுகளாக ஒரே டவுன்ஷிப்பில், ஐந்து நிமிட ஸ்கூட்டர் தூரத்தில் இருந்தோம். அந்த மாலையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. அதைப் பேசாமல் இருப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

அந்த மாலை 2001 ஜூலையில் வந்தது. மேற்குக் கடற்கரையில் ஒரு கடற்படை விமானத் தளம். எனக்கு இருபத்தைந்து வயது, சப்-லெப்டினன்ட். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அடியில் ஓர் இருட்டறை, அதில் ராடார் திரை. மழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் வருகிற விமானத்தைக் குரலாலேயே தரைக்குக் கொண்டுவருவது என் வேலை. 'கொஞ்சம் இடது, உயரம் சரி, இறங்கு, இறங்கு' என்று கடைசிவரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து விநாடி என் குரல் கேட்காவிட்டால், விமானி இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அதுதான் விதி.

அன்று கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு மீனவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் திரும்பி வந்துகொண்டிருந்தது. எரிபொருள் குறைவு. பெருமழை. கயிற்றை இறக்கி மீனவர்களை மேலே இழுத்தவர் சிங்காரவேலு. அவர் பெட்டி ஆபீசர், பதவியில் எனக்குக் கீழே, வயதில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் காதில் மாட்டியிருந்த கருவியிலும் என் குரல் கேட்கும்.

இரண்டு மைல் தூரத்தில், திரையில் அந்தப் புள்ளி மறைந்தது. மழைத்திரள் மறைத்ததுதான், ராடாரின் அடுத்த சுற்றிலேயே மறுபடி வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பேச்சு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அது ஒன்பது முறை நகர்ந்தது. சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவை எனக்குள் வரிசையாக நின்றன. யாரும் முதலில் போக மாட்டேன் என்பது போல.

விமானி விதிப்படி மேலே ஏறினார். சுற்றி வந்தார். இரண்டாம் முறை பேசினேன். இறக்கினேன். எல்லோரும் பிழைத்தார்கள். மீனவர்களுக்குச் சூடாக டீ கொடுத்தார்கள். நான் பதிவேட்டில் 'மைக் பழுது' என்று எழுதினேன். மறுநாள் ஓர் ஆள் வந்து நல்ல மைக்கைக் கழற்றிவிட்டுப் புது மைக்கை மாட்டிவிட்டுப் போனான். அந்தப் பழைய மைக்கை நினைத்துத்தான் எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு தொண்டை வலி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, மூன்று வாரம் காகித வேலை பார்த்தேன். ஆகஸ்டில் ஒரு நாள், யாரும் அழைக்காமலேயே, போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை படியில் சிங்காரவேலு நின்றிருந்தார். ஊருக்கு விடுப்பில் போய்த் திரும்பியிருந்தார். நெற்றியில் விபூதி. விறைப்பாக சல்யூட் அடித்தார். "அன்னைக்கு நல்லா எறக்குனீங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். எந்த அன்றைக்கு, எந்த முறை, அதில் கேலி இருந்ததா இல்லையா என்று இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு வாக்கியத்தை நான் திருப்பிப் போட்டுப் பார்க்காத பக்கம் இல்லை.

2010இல் வெங்கடேஷுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்து வந்தோம். நான் கடற்படையை விட்டு டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ஆகியிருந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பஜாரில் ஒருவர் சைக்கிளை ஓட்டியபடியே எனக்கு சல்யூட் அடித்தார். இடது கையில் முருங்கைக்கீரைக் கட்டு, வலது கை நெற்றியில், ஹேண்டில்பாரில் கை இல்லை. தக்காளிக் கூடைமேல் போய் விழுந்தார். தக்காளிக்காரம்மாள் திட்டத் திட்ட எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்று மறுபடியும் சல்யூட் அடித்தார்.

கடற்படையில் முழுக்காலம் முடித்து, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் சுரங்கத்தில் சேர்ந்து, கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் ஆகியிருந்தார். அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் ஒரு சல்யூட் காத்திருந்தது. ரேஷன் வரிசையில், பல் டாக்டர் அறை வாசலில், ஒருமுறை என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே. பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"நான் இப்ப ஆபீசர் இல்லீங்க. வயசுல நீங்க மூத்தவர். நான் உங்களை அண்ணான்னு கூப்பிடறேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"கூப்பிடாதீங்க மேடம். அண்ணன்னா தங்கச்சிக்கு சீர் செய்யணும். மேடம்னா சல்யூட்டோட முடிஞ்சுது. எனக்கு எது லாபம்?"

அவர் மனைவி கஸ்தூரியம்மாளுக்கும் நான் மேடம்தான். அவர்கள் வீட்டுக்கு எப்போது போனாலும் கஸ்தூரியம்மாள் உளுந்து வடை சுடுவார். பொங்கலன்று போனாலும் வடை. மதியச் சாப்பாட்டுக்குப் போனாலும் இலையில் முதலில் வடை. நான் சாப்பிடுவதைச் சிங்காரவேலு ஏதோ ஒரு திருப்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார். உபசாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்பார். "விருத்தாசலம் பக்கத்துல மணவாளநல்லூர்ல எங்க கொளஞ்சியப்பர் கோயில் இருக்குதுங்க மேடம். ஒரு நட போயிட்டு வரலாமா?" நான் "அடுத்த மாசம் போலாம்" என்பேன். தேர்வு, திருத்தும் வேலை, மழை. உண்மைக் காரணம் வேறு. காரில் அவரோடு போகவர இரண்டு மணி நேரம். அதற்குள் பேச்சு அந்த மாலைக்கு வந்துவிடும். "மேடம், உண்மையிலேயே மைக் பழுதுதானா?" என்று கேட்டுவிட்டால்? இந்த உலகத்தில் அதைக் கேட்கும் உரிமை உள்ள ஒரே ஆள் எனக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. செய்தி கேட்டபோது எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் என்று எழுத ஆசை. இல்லை. 'இனி யாரும் கேட்க மாட்டார்கள்' என்ற ஒரு சின்ன நிம்மதி. அடுத்த கணம் அந்த நிம்மதியைக் கண்டு வெட்கம். துக்கம் மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது போகவில்லை.

பதினாறாம் நாள், குவார்ட்டர்ஸ் வாசலில் பலாமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். நுழையும் இடத்தில் பெரிய ஃபிளெக்ஸ். சீருடையில் சிங்காரவேலு சிரித்துக்கொண்டிருந்தார், தலைக்கு மேலே ஒரு போர் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது.

"இது நம்ம விமானமே இல்லையே கொளஞ்சியப்பன். அவர் ஹெலிகாப்டர்லதானே போனார்?"

"ஹெலிகாப்டர் படம் நல்லா வரலீங்க. வெறும் காத்தாடி மாதிரி இருந்துச்சு. அண்ணனுக்கு இதுதான் எடுப்பா இருக்குது."

ஊரிலிருந்து வேனில் வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சிவப்புக் கண்டாங்கி கட்டிய ஒரு பெண், ஊரில் சிங்காரவேலுவின் பக்கத்து வீட்டுக்காரர் தனபாக்கியம், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி கஸ்தூரி, வட மேடம் இவங்கதானா? ஒல்லியா இருக்காங்களே! நான் நல்லா குண்டா இருப்பாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"சும்மா இரேண்டி" என்றார் கஸ்தூரியம்மாள். முகம் சிவந்துவிட்டது.

"அது என்ன வடை மேடம்?" என்று கேட்டேன்.

தனபாக்கியத்துக்கு அடக்க முடியவில்லை. "அதாங்க, மேல ஹெலிகாப்டர் சுத்திகினு கெடக்குது, மழ, ஒண்ணும் தெரியல. கீழருந்து நீங்க வழி சொல்லணும். நீங்க மைக்கப் புடிச்சிகினு சும்மா உக்காந்துகினு இருக்கீங்க. ஏன்? வாயில வட! முழு வட! முழுங்கவும் முடியல, துப்பலாம்னா ஆபீசராச்சே! மேல எங்க சிங்காரவேலு, 'யம்மா, அந்த வடய முழுங்கும்மா தாயே'ன்னு கத்தறாரு!"

சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். துக்க வீடு என்று யாருக்கும் நினைவில்லை. படத்துக்குள் சிங்காரவேலுவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு ஒவ்வொரு வடையாக நினைவுக்கு வந்தது. பொங்கல் வடை. இலையில் முதலில் விழுந்த வடை. பதினைந்து வருட வடை.

நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே எனக்குள் ஒருத்தி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்தது ஹெலிகாப்டரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தான் மைக் பழுது என்ற காரணம் எழுத்தில் இருந்தது. அது போதாமல் அவருக்கு எதற்கு ஒரு வடை தேவைப்பட்டது? மைக் பழுதை அவர் நம்பவில்லையா? அல்லது சும்மா, கதைக்குச் சுவையாக இருக்கட்டும் என்றா?

என்னை மேடைக்கு அழைத்தார்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் அது ஒருமுறை கீச்சிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இன்னைக்கு வாயில ஒண்ணுமில்லியே மேடம்?" பந்தல் அதிர்ந்தது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வடை இல்லை, மைக்கும் கெடவில்லை, நான் பயந்துவிட்டேன் என்று. மூன்றே சொற்றொடர். அவை மறுபடியும் வரிசையாக வந்து நின்றன, மறுபடியும் யாரும் முதலில் போக மாட்டேன் என்றன. நான் வடையைச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் தேங்காய்ச் சட்னியையும் சேர்த்தேன். வடை சூடாக இருந்தது என்றேன். கைதட்டினார்கள். தனபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இறங்கி வந்து உட்கார்ந்தபோது வெங்கடேஷ், "நீ அன்னைக்கு வடை தின்னதா நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லையே" என்று காதில் சொன்னார். "எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்" என்றேன்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. கஸ்தூரியம்மாள் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் ஆண்டுவாரியாக அடுக்கிய கோப்புகள். கடற்படை விமானப் பிரிவில் ஒரு திருகு மாற்றினாலும் கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பால்காரருக்கு எழுதிய சீட்டுக்குக்கூடப் பிரதி இருந்தது.

"மேடம், நீங்க சபையில வடன்னே சொன்னீங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இத நீங்க பாக்கணும்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். மங்கிய நீலக் கார்பன் எழுத்து.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னிடம் படிக்கும் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். காணாமல் போன மாடு, ஏமாற்றிய பங்காளி, ஓடிப்போன மருமகன் என்று எந்தக் குறையையும் போலீசில் புகார் எழுதுவது போல எழுதி, ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் குறிப்பிட்டு, சாமியிடம் கொடுத்துக் கட்டிவிட வேண்டும். காரியம் முடிந்ததும் திரும்பிப் போய், வழக்கு தீர்ந்தது என்று சொல்லி ராஜினாமா செய்துவிட வேண்டும். அதுவரை வழக்கு நிலுவைதான்.

காகிதத்தில் இருந்தது இது:

'மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமி சமூகத்துக்கு, கடற்படை சிங்காரவேலு எழுதும் பிராது. எதிரி: டவர் மேடம் (எழில்மதி, சப்-லெப்டினன்ட்). சென்ற ஜூலை மாதம் எங்கள் ஹெலிகாப்டரை இறக்கும்போது எதிரி பேச்சை நிறுத்திவிட்டார்கள். மைக் பழுது என்று எழுதியிருக்கிறார்கள். பழுது இல்லை. அவர்கள் மூச்சு விடுகிற சத்தம் என் காதில் கேட்டது. அதைக் கேட்டு நானும் பயந்து, நான் காப்பாற்றிய மீனவர் கையையே பிடித்துக்கொண்டேன். அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மேடம் இப்போது மைக் பக்கமே வருவதில்லை. அவர்களுக்குப் பயம் தெளிந்து மறுபடியும் உட்கார வேண்டும். அவர்களைப் போலப் பேசி இறக்க அங்கே வேறு ஆள் இல்லை. உட்கார்ந்தால் எதிரியையே நேரில் கூட்டிவந்து ராஜினாமா செய்கிறேன். தூரம்: அறுநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. சரியாக அளக்க வழியில்லை, நடந்தது ஆகாயத்தில்.'

இரண்டு முறை படித்தேன். மைக்கைத் திறந்து வைக்கும் சுவிட்சை அழுத்தியபடியே இருந்திருக்கிறேன் என்பது எனக்கு இதுவரை தெரியாது. ஒன்பது விநாடியும் நான் பேசாமல் இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூச்சு கேட்டிருக்கிறது.

"அப்ப வடை எதுக்குங்க?"

"நானும் கேட்டேங்க. 'ஊர்ல ஹெலிகாப்டர் கதயச் சொல்லாம இருக்க முடியல கஸ்தூரி. சொன்னா, ஏன் பேசலன்னு கேக்கறானுங்க. மைக் ரிப்பேருன்னா மூஞ்சியப் பாக்கறானுங்க. மேடம் பயந்துட்டாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வடன்னா சிரிச்சிட்டுப் போயிடறானுங்க'ன்னாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. கோயிலுக்கு எதுக்குக் கூப்பிடறேன்னு."

"சொன்னா, அவருக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்ல?" என்றார் கஸ்தூரியம்மாள், இதைவிட எளிமையான விஷயம் உண்டா என்பது போல.

அவர் காரணம் சொல்லிக் கூப்பிட முடியாததற்கும் நான் போக முடியாததற்கும் காரணம் ஒன்றே. இரண்டு பக்கமும் ஒரே கதவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கொளஞ்சியப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பிராதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அண்ணி காட்டவில்லை. எதிரி நான்தான், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதுவே போதுமாக இருந்தது.

"இருவத்தி நாலு வருசமா கேசு நிக்கிதுங்க மேடம். போன வருசம் என் போர்வெல் மோட்டாரு எரிஞ்சுது. அதுக்கு முந்தி கறவ மாடு பால நிறுத்திடுச்சு. எல்லாம் இதனாலதான்."

"மோட்டாரு எரிஞ்சது நீ தண்ணியில்லாம ஓட விட்டுட்டுத் தூங்குனதால" என்றார் அண்ணி. "சாமி மேல போடாத."

"எதுவா இருந்தாலும் தீத்துடலாம் அண்ணி. மேடந்தான் எதிரின்னு சொன்னீங்க. எதிரி வந்தாத்தான ராஜினாமா?"

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். நான் கார் ஓட்டினேன். கஸ்தூரியம்மாள் பக்கத்தில், மடியில் அந்தக் காகிதம். கொளஞ்சியப்பன் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார், நேரான சாலையில்கூட. "நேரா போங்க, நேரா போங்க, அப்பிடியே, அப்பிடியே" என்று நிறுத்தாமல். ஐந்து விநாடிகூட இடைவெளி விடவில்லை. நல்ல கட்டுப்பாட்டு அதிகாரியாக வந்திருப்பார்.

முந்திரித் தோப்புகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பதினைந்து ஆண்டுகளாக நான் தள்ளிப்போட்ட இரண்டு மணி நேரத்தில் முதல் மணி, ஒரு கஷ்டமும் இல்லாமல் கழிந்தது. பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது. ஆனால் இன்னொரு பயம் மிச்சம் இருந்தது. கோயிலில் காரணம் கேட்பார்களா? கேட்டால், கொளஞ்சியப்பன் பக்கத்திலேயே நிற்பார். அவர் கேட்டால் சேத்தியாத்தோப்பு வரை கேட்டது போல.

சாமி கும்பிட்டுவிட்டு, எழுதிக்கொள்ளும் இடத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"பிராதா, ராஜினாமாவா?"

"ராஜினாமாங்க."

"பிராது கட்டினவர் எங்க?"

"எறந்துட்டாருங்க. நான் அவரு சம்சாரம்."

"எதிரி யாரு? ஆள் இருக்காங்களா?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள். எதிரி ஹேண்ட்பேக்கோடு, காட்டன் புடவையில், தானாகவே வந்து நிற்பதை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நல்லது. காரியம் எப்ப முடிஞ்சுது?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு ஆகஸ்ட்."

"இப்பதான் நேரம் கெடச்சுதா?" என்று கேட்டபடி பேனாவைத் திறந்தார். "என்ன வழக்கு? ஒரு வரியில சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கஸ்தூரியம்மாள் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் கொளஞ்சியப்பன் முன்னால் வந்து, "அது ஒண்ணுமில்லீங்க, மேடம் வாயில வட" என்று ஆரம்பித்தார்.

"இருங்க கொளஞ்சியப்பன். நான் சொல்றேன்" என்றேன்.

சொற்கள் வழக்கம்போல வரிசையாக வந்து நின்றன. நான் இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தில் நீலமாக மங்கியிருந்த 'மூச்சு' என்ற சொல்லைப் பார்த்தேன். முதலில் ஒரு மூச்சு விட்டேன். அது கேட்டால் கேட்கட்டும்.

"பேச வேண்டிய நேரத்துல பயந்துட்டேங்க. மைக் நல்லாத்தான் இருந்துது, நான்தான் கெட்டுப்போச்சுன்னு பொய் எழுதினேன். மேல ஆறு பேரு இருந்தாங்க, அதுல ஒருத்தர் இவங்க வீட்டுக்காரர். அப்புறம் பயம் தெளிஞ்சு பேசிட்டேன்."

அவர் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள் நான் சுமந்ததை அவர் இரண்டே சொல்லில் முடித்திருந்தார். 'பயம் தெளிந்தது.'

"இங்க ஒரு கையெழுத்து. அம்மா, நீங்களும் போடுங்க. அடுத்து யாரு?"

அடுத்தது வரப்புத் தகராறு. எங்களைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார் அதற்காக வந்தவர். அவருடைய வழக்கு அவசரமாக இருந்தது.

வெளியே வெயிலுக்கு வந்ததும் கஸ்தூரியம்மாள் கார்பன் பிரதியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "ரெண்டு காப்பி எடுத்துக்கினா ஒண்ணு எதிரிக்குத்தான்னு சொல்லுவாரு" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

கொளஞ்சியப்பன் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்துவந்தார். கார் வரை வந்த பிறகுதான் கேட்டார்.

"அப்ப வட?"

"வடை இல்லீங்க."

"ஒரு வடகூடவா இல்ல?"

அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பயந்ததைப் பற்றியோ பொய் எழுதியதைப் பற்றியோ அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைப் பாதிகூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை என்று தோன்றியது. இருபது வருடமாக ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரித்த வடை இல்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன மேடம் இப்பிடிப் பண்ணிட்டீங்க. தனபாக்கியத்துக்கு நான் என்னான்னு பதில் சொல்லுவேன்?"

"முதல்ல டீ சாப்பிடலாம் வா" என்று கஸ்தூரியம்மாள் எதிர்க் கடைக்கு எங்களை அழைத்துப்போனார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடைகள் சல்லடையில் கிடந்தன. கேட்காமலேயே ஒன்றை எடுத்துச் செய்தித்தாள் துண்டில் வைத்து என் கையில் கொடுத்தார். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக, ஏன் கொடுக்கிறார் என்று தெரிந்து அதை வாங்கினேன். பாதியாகப் பிய்க்கத் தோன்றவில்லை. முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன். நெருப்பாகச் சுட்டது.

அந்த நேரம் பார்த்துக் கொளஞ்சியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். ரொம்ப யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"சரிங்க மேடம், நீங்களே சொல்லிடுங்க. ஊர்ல போயி நான் வடன்னு சொல்லட்டுமா, பயந்துட்டாங்கன்னு சொல்லட்டுமா?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. சொல்வதற்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையை ஆட்டினேன், கண்ணில் நீர் வந்தது.

"மேடம்? மேடம்?"

கஸ்தூரியம்மாள் என் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு விரலாக மடக்கி, விநாடிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார்.